அடுப்படிக் கேள்விகள்: ஈர விறகும் மூடிய அறையும்

சென்ற இதழில் மண்சட்டி மீன் குழம்பைப் பற்றி எழுதும்போது, "விறகு அடுப்பில் வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். குழம்பைப் பற்றி வந்தது இரண்டு கடிதம், விறகைப் பற்றி ஒரு கட்டு. சரி, இந்த மாதம் முழுக்க விறகுதான். எனக்கும் அது பிறந்த வீட்டு விஷயம். அப்பா கும்பகோணத்தில் விறகுக் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்ததும் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது என் வேலை. இப்போது கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். வாடிக்கையெல்லாம் பிரியாணிக் கடைகளும் கல்யாண மண்டபங்களும்தான். வீட்டுக்கென்று விறகு வாங்க வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிறான். கடிதங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

"சவுக்கு விறகு 200 கிலோ இறக்கினோம். நன்றாகக் காய்ந்தது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அடுப்பில் வைத்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை. விறகு மோசமா, எனக்குத்தான் அடுப்பு மூட்டத் தெரியவில்லையா?"
வாசகி, பட்டுக்கோட்டை

உங்கள் மேல் தப்பில்லை அம்மா. சவுக்கின் மேலும் தப்பில்லை. நின்று எரியும், தணலும் நிலைக்கும். வீட்டு அடுப்புக்கு அதைவிட நல்ல விறகு நம் பக்கத்தில் கிடைப்பது அபூர்வம். வில்லங்கம் ஈரத்தில் இருக்கிறது. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பச்சை விறகு ஒரு கிலோ வைத்தீர்கள் என்றால், உங்கள் உலையைக் கவனிப்பதற்கு முன்னால் அந்த நெருப்பு அரை லிட்டர் தண்ணீரை ஆவியாக்கி முடிக்க வேண்டும். அப்புறம் எங்கே சோறு பொங்குவது? சூடு ஏறாததால் கட்டையிலிருந்து கிளம்பும் வாயு எரியாமலே போகிறது. அதைத்தான் புகை என்கிறோம். நீங்கள் காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பங்கு ஓட்டு இடுக்கு வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

காய்ந்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கடைக்கு வரும் பாட்டிமார் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார்கள். 'ணங்' என்றால் காய்ந்தது. 'தொப்' என்றால் கீழே போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவார்கள். வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை விரலால் நெம்பினாலே உரிய வேண்டும். அடுப்பில் வைத்த பிறகு பின்முனையில் 'உஸ்' என்று நுரை தள்ளினால் சந்தேகமே இல்லை, பச்சை.

அப்பா இன்னொரு வழி வைத்திருந்தார். புது லோடு இறங்கியதும் மூன்று கட்டையைத் தனியே எடுத்து எடை போடுவார். எடையை வெட்டு முகத்திலேயே கரியால் எழுதி, அடுக்கின் நடுவில் செருகிவிடுவார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை உருவி மறுபடி எடை. 3 கிலோ என்று எழுதிய கட்டை 2.6, 2.2 என்று இறங்கிக்கொண்டே வரும். இரண்டு தடவை அடுத்தடுத்து ஒரே எடை காட்டினால், "இனி விற்கலாம்" என்பார். அந்த நிலையில் கட்டையில் ஈரம் நூற்றுக்கு இருபதுக்கும் கீழே வந்திருக்கும். உங்கள் வீட்டுச் சமையலறைத் தராசே இதற்குப் போதும்.

அந்த 200 கிலோவை என்ன செய்வது? மணிக்கட்டைவிடத் தடியான கட்டையையெல்லாம் பிளந்துவிடுங்கள். ஈரம் பட்டை வழியாக லேசில் வெளியே வராது. வெட்டு முகம் வழியாகவும் பிளந்த பக்கம் வழியாகவும்தான் வரும். பிளந்த சவுக்கு சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். பிளக்காத தடிக்கட்டை ஒரு வருடம் கிடந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கலாம். அவசரத்துக்கு நாலு கட்டையை அடுப்பு மேட்டில் சாத்தி வைப்பது எல்லார் வீட்டிலும் உண்டு, எங்கள் அம்மாவும் செய்வார். ஆனால் சமையல் முடிந்ததும் அதை எடுத்துவிட்டுத்தான் படுக்கப் போவார். காய்ந்த கட்டை, கீழே தணல், வீட்டில் எல்லாரும் தூக்கம்: இந்த மூன்றும் சேரக் கூடாது.

இன்னொன்று. எடை ஏறுவதற்காக அதிகாலையில் விறகில் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் எங்கள் தெருவிலேயே ஒரு கடையில் இருந்தது. அப்படி மேலே பட்ட ஈரம் இரண்டு நாள் வெயிலில் போய்விடும். அது பண நஷ்டம்தானே தவிர விறகு நஷ்டம் இல்லை.

உங்கள் ஊர் என்பதால் கேட்கிறேன், கஜா புயலில் விழுந்த தென்னைத் துண்டு எதுவும் கலந்திருக்கிறதா? 2018 நவம்பரில் அந்தப் புயல் அடித்துப்போட்ட மரத்தையெல்லாம் விறகாக்குகிறோம் என்று டெல்டா முழுக்க அடுக்கினார்கள். மா, வேம்பு எல்லாம் காய்ந்து வழிக்கு வந்தன. தென்னை நடுமரம் மட்டும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உள்ளே நாராக மக்கிப்போனது. தென்னையில் அடுப்புக்கு ஆகிறது மட்டையும் பாளையும் கொட்டாங்கச்சியும்தான்.

"கொல்லைப்புறச் சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருக்கிறோம். போன வாரம் ஒரு தேள், முந்தாநாள் பாம்புச் சட்டை. விறகு எடுக்கவே கை நடுங்குகிறது. மருந்துப் பொடி தூவலாமா?"
வாசகி, தென்காசி

பொடி தூவாதீர்கள். எங்கள் காலத்தில் கரையானுக்குக் கமாக்சின் என்ற பூச்சிக்கொல்லிப் பவுடரை விறகு மேலேயே தூவுவார்கள். தூவிய பொடி எங்கே போகும்? அடுத்த நாள் அடுப்பில் எரிந்து, சோறு வடிக்கிறவள் மூச்சில் போகும். அடுக்குகிற முறையை மாற்றினாலே பாதிப் பயம் போய்விடும்.

சுவரிலிருந்து ஒரு அடி தள்ளுங்கள். தரையிலிருந்தும் ஒரு அடி உயர்த்துங்கள். இரண்டு வரிசை செங்கல் வைத்து மேலே பழைய உத்தரமோ இரும்புக் குழாயோ போட்டால் போதும். அடியில் வெளிச்சம் ஊடுருவித் தெரிய வேண்டும், துடைப்பம் போய்வர வேண்டும். மண்ணைத் தொடாத விறகில் கரையான் அவ்வளவு சுலபமாக ஏறாது. கரையான் வைத்த ஈரமும் இருட்டும்தான் தேளுக்கும் பூரானுக்கும் பிடித்த இடம். ஒற்றை வரிசையாக, நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். இரண்டு கோடியிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டையை மாற்றி மாற்றி வைத்தால் சரியாது. சரிந்து கால் விரல் நசுங்கியவர்களை நான் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். மழைக்குத் தார்ப்பாய் போடும்போது மேலே மட்டும் போடுங்கள். பக்கமெல்லாம் இழுத்துப் போர்த்தினால் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும், பாம்புக்கும் குளிர்ச்சியான அறை கட்டிக் கொடுத்த மாதிரி ஆகும்.

பாம்பு விறகைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது. விறகடுக்குக்குப் பக்கத்தில் தவிட்டு மூட்டையோ கோழித் தீவனமோ இருந்தால் முதலில் அதை இடம் மாற்றுங்கள். இருட்டிய பிறகு விறகு எடுக்கவே வேண்டாம். மறுநாளைக்கு வேண்டியதை மாலை நாலு மணிக்கே எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். எடுக்கும் முன் ஒரு கழியால் அடுக்கைத் தட்டுங்கள். காலில் செருப்பில்லாமல் போகாதீர்கள். அடுக்கின் இடுக்கில் கையை விட்டு உருவாமல், மேல் கட்டையை முனை பிடித்துத் தூக்குங்கள்.

அப்படியும் கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த கையையோ காலையோ எலும்பு முறிந்ததைப் போல அசையாமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது. வலிக்கவில்லையே என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. தேள் கொட்டியது குழந்தை என்றாலும் இதே அவசரம்தான்.

"புது வீட்டில் கணப்பு அடுப்பு கிடையாது. மார்கழியில் மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். இரும்புச் சட்டியில் புகையில்லாத கரித்தணல் போட்டுப் படுக்கை அறையில் வைக்கலாம் என்று இருக்கிறோம். ஜன்னலில் துணி அடைத்துவிட்டால் அறை கதகதப்பாக இருக்கும் அல்லவா?"
வாசகர், கோத்தகிரி

வேண்டாம் ஐயா. இதைப் படித்ததும் இதழ் வரும்வரை காத்திருக்காமல் உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பச் சொல்லிவிட்டேன்.

புகையில்லை என்று தைரியப்படுகிறீர்கள். அதுதான் ஆபத்தே. புகை வந்தால் இருமி எழுந்து ஓடிவிடுவோம். கனன்றுகொண்டிருக்கும் கரி கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை விடுகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண் எரியாது. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இந்த வாயுவை இருநூறு மடங்குக்கு மேல் பலமாகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, வாந்தி, அசதி. தூங்குகிறவருக்கு இது எதுவும் தெரியாது, தூக்கம் ஆழமாகிக்கொண்டே போகும். மலை ஊர்களில் சுற்றுலா வந்தவர்கள் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்து, காலையில் எழுந்திருக்காத செய்தியை நாளிதழில் நாம் படித்திருக்கிறோம்.

என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். அக்காவுக்குப் பிரசவமாகிப் பதினொன்றாம் நாள். ஐப்பசி அடைமழை. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, முடி உலர்த்தச் சாம்பிராணி போட்டார்கள். வழக்கமாகக் கூடத்தில் போடுவது. அன்று சாரல் அடிக்கிறது என்று உள் அறையில் போட்டு, பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று கதவையும் சாத்தினார்கள். தூபக்கால் போதாமல் ஒரு மண்சட்டி நிறையத் தணல். அரை மணி கழித்து அக்கா தலை பிளக்கிறது என்றாள், வாந்தி எடுத்தாள். "பிள்ளை பெற்ற பலவீனம், மிளகு ரசம் கொடு" என்று பாட்டி சொல்ல, அம்மா ரசம் வைக்கப் போய்விட்டார். நல்லவேளையாக அந்தச் சமயம் பார்த்து எங்கள் அத்தை வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாசலிலேயே, "சட்டியை வெளியே எடு, ஜன்னலைத் திற, குழந்தையை என்னிடம் கொடு" என்று கத்தினார். இரண்டு ஜன்னலும் திறந்து, இருவரும் திண்ணைக்கு வந்து கால் மணி நேரத்தில் அக்காவுக்கு முகம் தெளிந்தது. அத்தை அப்போதும் விடவில்லை. மாட்டு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சாம்பிராணி திண்ணையில்தான், மழையானாலும்.

உங்களுக்கு நான் சொல்வது: குழந்தைக்கு உடுப்பை அடுக்கடுக்காகப் போடுங்கள், குல்லாய் போடுங்கள். வெந்நீர்ப் பையைப் படுக்கையில் வைத்துச் சூடாக்கி, குழந்தையைப் படுக்க வைக்கும் முன் எடுத்துவிடுங்கள். மின்சார ஹீட்டர் வாங்க முடிந்தால் வாங்குங்கள், திரைச்சீலையிலிருந்து மூன்றடியாவது தள்ளி வைத்து, தூங்கும் முன் அணைத்துவிடுங்கள். தணல் சட்டி வாசலுக்கு மட்டும். "ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சரியா?" என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். எவ்வளவு திறந்தால் போதும் என்று நம் மூக்கு சொல்லாது.

புகைபோக்கியோடு கணப்பு இருக்கிற பழைய வீட்டுக்காரர்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள் பக்கத்துச் சீகை மரமோ கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) ஈரமாக எரித்தால் புகைபோக்கியின் உள்சுவரில் தார் மாதிரி கரி படியும், ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை, குளிர் தொடங்கும் முன் ஆளை வைத்துச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். குருவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு வந்தால் அலறுகிற சிறிய கருவி இப்போது கிடைக்கிறது. கணப்பு உள்ள வீட்டில் அதைப் படுக்கை அறைப் பக்கம் மாட்டுவது நல்லது.

"பால் கவர் ஒன்று போட்டால் அடுப்பு உடனே பிடிக்கிறது. மகள் கூடாது என்கிறாள். மண்ணெண்ணெயாவது ஊற்றலாமா?"
வாசகி, நத்தம்

மகள் சொல்வதுதான் சரி. பால் கவர், மசாலா பாக்கெட், சைக்கிள் டியூப் துண்டு எல்லாவற்றையும் போட்டு மூட்டுவதை நானும் பார்க்கிறேன். அந்தக் கறுப்புப் புகையை முதலில் குடிப்பது குனிந்து ஊதுகிறவர்தான், அடுத்தது இடுப்பில் இருக்கும் குழந்தை.

மண்ணெண்ணெய் கதை வேறு. குளிர்ந்த அடுப்பில் ஒரு சிறு துணியை நனைத்து வைத்துப் பற்றவைக்கிறவர்கள் உண்டு. தணல் இருக்கிற அடுப்பில் ஊற்றுவதுதான் ஆளைக் கொல்கிறது. அணைந்தது என்று நினைத்து ஊற்றுவோம். எண்ணெய் சூட்டில் ஆவியாகி வெள்ளையாக எழும்பும். "புகைகிறதே, பிடிக்கவில்லையே" என்று குனிந்து தீக்குச்சியைக் கிழித்தால் முகத்தில் அடிக்கும். எதிர்வீட்டு அக்காவுக்குப் புருவமும் முன் முடியும் போனது, கண் தப்பியது. பெட்ரோலைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

தென்னம்பாளையை விரல் தடிமனுக்குக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் பன்னாடை, அதன் மேல் சிராய், நடுவில் ஒரு சூடம். இதற்குமேல் எதுவும் வேண்டாம். தென்னை இல்லாத ஊரில் எள்ளுமார், துவரைமார். பெரிய கட்டையை அவசரப்பட்டுத் திணிக்காதீர்கள். மூன்று கட்டையின் முனைகள் நடுவில் சந்தித்து, இடையில் காற்றுப் போக வழி இருக்க வேண்டும். அடுப்பு வாயை அடைத்துவிட்டு ஊதுகுழலை எடுத்து என்ன பயன்?

"வாசலில் அரளியை வெட்டினோம். குச்சி நிறையக் கிடக்கிறது. எரிக்கலாமா? சென்ட்ரிங் பலகைத் துண்டும் இருக்கிறது."
வாசகர், திருச்சி

அரளி வேண்டவே வேண்டாம். இலை, தண்டு, பூ எல்லாம் விஷம், புகையும் ஆகாது. அதன் குச்சியில் பலகாரம் கோத்துச் சுடுவதும் கூடாது. குப்பைக்குக் கொடுத்துவிடுங்கள். சென்ட்ரிங் பலகையில் எண்ணெயும் சிமெண்டும் ஊறியிருக்கும், பிளைவுட்டில் பசை, பழைய ஜன்னலில் பெயிண்ட். மூன்றும் அடுப்புக்கு ஆகாது. ஆணி வேறு.

"ஆச்சி காலத்துச் செம்பு பாய்லரைத் தேய்த்து எடுத்தோம். குளியலறைக்குள் வைத்து வெந்நீர் போடலாமா?"
வாசகி, காரைக்குடி

செம்பு பாய்லர் என்றதும் எனக்கே ஆசை வந்துவிட்டது. நடுக்குழாயில் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர், நாலு கொட்டாங்கச்சியில் ஒரு அண்டா வெந்நீர். இதைக் கண்டுபிடித்தவர் கெட்டிக்காரர். தண்ணீர் நிரப்பாமல் மட்டும் பற்றவைக்காதீர்கள். பற்று வைத்த இடம் சூட்டில் இளகி ஒழுக ஆரம்பிக்கும். பூட்டிக் கிடந்த பாய்லர் என்பதால் முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் வைத்து, கசிகிறதா என்று பாருங்கள்.

குளியலறைக்குள் வேண்டாம். கோத்தகிரி வாசகருக்குச் சொன்ன அதே காரணம். இந்தக் காலத்துக் குளியலறை அறை கூட இல்லை, பெட்டி. உங்கள் ஊர் வீடுகளில் பாய்லர் இருந்த இடம் எது என்று யோசித்துப் பாருங்கள்: பின்கட்டு, திறந்த தாழ்வாரம், கிணற்றடி. அங்கேயே வையுங்கள், வாளியில் தூக்கிப் போகட்டும். வாளியை முக்கால்தான் நிரப்ப வேண்டும், குழந்தைகள் தூக்கக் கூடாது.

"மாமியாருக்கு 70 வயது. கேஸ் இருந்தும் விறகு அடுப்பில்தான் சமைப்பேன் என்கிறார். இருமல் நிற்கவில்லை. என்ன சொல்லிப் புரியவைப்பது?"
வாசகி, பெரம்பலூர்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், வீட்டுக்குள் அடுப்புப் புகையால் வந்த நோய்களில் உலகம் முழுக்க 2020 என்ற ஒரே வருடத்தில் 32 லட்சம் பேர் இறந்தார்கள். இதைச் சொன்னால் அவர் கேட்பாரா? என் மாமியார் கேட்டிருக்க மாட்டார். "நாங்கள் எல்லாம் செத்தா போனோம்" என்பார்.

ஆகவே அடுப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். கொல்லையில் தாழ்வாரம் இறக்கி, இடுப்பு உயரத்தில் மேடை போட்டு அடுப்பைப் பூசிக் கொடுங்கள். குனிய வேண்டாம் என்றால் சந்தோஷமாக வருவார். முந்தானையும் நெருப்பும் சந்திக்கிற வாய்ப்பும் குறையும். வீட்டுக்குள்தான் என்றால் புகைபோக்கி வையுங்கள், அது கூரைக்கு மேல் நன்றாக எழும்ப வேண்டும். 1980களில் அரசாங்கம் ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுத்தது. எங்கள் தெருவில் நாலு வீட்டில் வந்தது. இரண்டு வருடத்தில் நாலும் போச்சு. குழாயில் கரி அடைத்துக்கொண்டது, அதை மாதத்துக்கு ஒரு தடவை தட்டிவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் தட்டிவிடுங்கள்.

இருமலுக்கு டாக்டரிடம் கூட்டிப்போவதைத் தள்ளிப்போடாதீர்கள். காலைக் காப்பிக்கும் இரவுப் பாலுக்கும் கேஸ் என்று ஒரு ஒப்பந்தம் போட்டுப் பாருங்கள். நான் அப்படித்தான் ஜெயித்தேன், பாதி.

"பொங்கலுக்கு மொட்டை மாடியில் விறகு வைத்துப் பானை ஏற்ற குடியிருப்பில் அனுமதி கிடைத்துவிட்டது. எதைக் கவனிக்க வேண்டும்?"
வாசகர், பெரம்பூர், சென்னை

முதலில் தரை. மாடித் தரையில் நேரே அடுப்பு மூட்டினால் ஓடு வெடிக்கும், அடுத்த மழையில் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். இரண்டு அங்குலம் மணல் பரப்பி, மேலே செங்கல்லைப் படுக்கை வசமாக அடுக்கி, அதற்கு மேல் அடுப்பு. அடுப்புக்கும் சுட்ட செங்கல்தான். ஆற்றுக் கூழாங்கல் அழகாக இருக்கிறது என்று எடுத்து வராதீர்கள்; உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துச் சில்லு பறக்கும்.

பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, குழாய், கேபிள் வயர் மூன்றிலிருந்தும் நன்றாகத் தள்ளி இருங்கள். ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல் கை எட்டும் தூரத்தில். நீண்ட கட்டை வேண்டாம், ஒரு முழம் போதும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கட்டையில்தான் குழந்தைகள் தடுக்கி விழுகிறார்கள், பானை கவிழ்கிறது. பொங்கலுக்குப் புதுப் பட்டு கட்டுவீர்கள், சரி. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவர் மட்டும் பருத்தி கட்டட்டும், முந்தானையை இழுத்துச் செருகட்டும். நைலான் தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டும். துணியில் தீப்பிடித்தால் ஓட விடாதீர்கள், தரையில் உருளச் சொல்லுங்கள், ஈரச் சாக்கோ கம்பளியோ போட்டு அமுக்குங்கள். சுட்ட இடத்தில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பற்பசை, பேனா மை எதுவும் தடவ வேண்டாம்.

"விறகு அடுப்புப் பிரியாணி ருசி என்பது உண்மையா, வியாபாரமா?"
வாசகர், ஆம்பூர்

ஆம்பூரிலிருந்து கும்பகோணத்துக்காரியிடம் கேட்கிறீர்களே! தம்பி கடையில் விறகு வாங்குகிற மாஸ்டர் ஒருவர் சொல்வது: ருசி விறகில் இல்லை, தம் போடும்போது மூடிமேல் கொட்டுகிற தணலில் இருக்கிறது. நான் அவர் பக்கம்.

"சமையல் முடிந்ததும் சாம்பலை அள்ளி உடனே குப்பைக்குழியில் கொட்டுகிறேன். ஒரு நாள் பிளாஸ்டிக் முறம் ஓட்டையாகிவிட்டது. எவ்வளவு நேரத்தில் ஆறும்?"
வாசகி, திருவையாறு

முறத்தோடு போனதே என்று சந்தோஷப்படுங்கள். எங்களுக்கு வைக்கோல் போரே போனது.

கல்யாணமாகி வந்த முதல் தை மாதம். அறுவடை முடிந்து கொல்லையில் போர் போட்டிருந்தார்கள். நல்ல மருமகள் என்று பெயர் எடுக்க, விடிகாலையில் எழுந்து முதல் நாள் இரவுச் சாம்பலை அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டினேன். கையால் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றுதான் இருந்தது. மத்தியானம் காற்று கிளம்பியது. சாம்பலுக்குள் புளியங்கட்டைத் துண்டு ஒன்று கனன்றுகொண்டிருந்திருக்கிறது. சருகு பிடித்து, குப்பை பிடித்து, மூன்று மணிக்குப் போர் எரிந்தது. தெருவே குடத்தோடு ஓடிவந்தது. மாட்டுக் கொட்டகையைக் காப்பாற்ற முடிந்தது, போரை முடியவில்லை. மாமனார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோடைக்கு வைக்கோல் விலைக்கு வாங்கினார்.

சாம்பல் தணலுக்குப் போர்வை மாதிரி. மேலே ஆறியிருக்கும், உள்ளே ஒரு நாள், இரண்டு நாள்கூட நெருப்பு உயிரோடு இருக்கும். அந்தக் காலத்தில் தீப்பெட்டியை மிச்சம் பிடிக்க இரவில் தணலைச் சாம்பலில் புதைத்து, காலையில் கிளறி அடுப்பு மூட்டியதே இதை நம்பித்தானே? ஆகவே தகர டின்னில் அள்ளி, தகர மூடி போட்டு, வெறும் மண் தரையில் வையுங்கள். டின்னை மர ஸ்டூல் மேலே வைக்காதீர்கள், கூரைக்கு அடியிலும் வேண்டாம். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் தெளித்துக் குச்சியால் கிளறுங்கள். 'சுர்' என்று சத்தம் வந்தால் இன்னும் ஆறவில்லை, மறுபடி தெளித்து மூடுங்கள்.

ஆறிய சாம்பலைச் சலித்து வைத்தால் பாத்திரம் தேய்க்கலாம், கத்தரிச் செடிக்குத் தூவலாம். சலிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.